முப்பது நாளில் நாட்டியமா?

ஏப்ரல் மாதம். காலை நேரம். வாசலில் பத்திரிகை வந்து விழுகிறது. அப்பா அதை எடுத்துப் பிரிக்கிறார். உள்ளே இருந்து ஒரு மஞ்சள் காகிதம் நழுவித் தரையில் விழுகிறது.

எட்டு வயது மகள் ஓடிவந்து அதை எடுக்கிறாள். அதில் ஒரு பெண் சலங்கை கட்டி, கையை நீட்டி, கண்ணைச் சாய்த்து நிற்கிறாள்.

"அம்மா! டான்சு கிளாசு! நானும் போறேம்மா!"

அம்மா அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். காகிதத்தை வாங்கிப் பார்க்கிறாள். மேலே பெரிய எழுத்து. கீழே பெரிய எழுத்து. நடுவிலும் பெரிய எழுத்து. அத்தனையும் ஆங்கிலம்!

அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஆங்கிலம் தெரியாது. காகிதத்தைத் திருப்பிப் பார்க்கிறாள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது. மகளிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

அந்த நோட்டீசை அச்சடித்த நாட்டியப் பள்ளிக்கு ஒரு மாணவி போய்விட்டாள். ஒரு சிறுமிக்கு ஒரு கோடை போய்விட்டது.

இது ஒரு வீட்டில் நடப்பது அல்ல. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடத் தேர்வுகள் முடியும் சமயத்தில், ஊர்தோறும் இப்படிக் காகிதங்கள் பறக்கின்றன. நீச்சல், ஓவியம், கராத்தே, செஸ் என்று பல. அவற்றில் நாட்டிய வகுப்பு நோட்டீசுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. அதைப் பார்த்துத்தான் பெண் பிள்ளைகள் கண்ணை அகல விரிக்கிறார்கள். அதனால் அந்த நோட்டீசில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது.

நோட்டீசு எதற்கு?

"கைப்பேசி இருக்கிறது. வாட்ஸ்அப் இருக்கிறது. இன்னும் காகிதம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம்.

கைப்பேசியில் அனுப்பும் செய்தி யாருக்குப் போகும்? ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குப் போகும். அவர்கள் தெரிந்தவர்களுக்கு அனுப்புவார்கள். அடுத்த தெருவில் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு அது போகாது. ஒரே கைப்பேசியை அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிடும் வீட்டுக்கும் போகாது.

காகிதம் அப்படி அல்ல. அது காலண்டர் ஆணியில் தொங்கும். பாட்டி படிப்பாள். பக்கத்து வீட்டு அம்மாள் படிப்பாள். நாலு நாள் கழித்து அப்பாவுக்குச் சம்பளம் வரும்போது, அது இன்னும் அதே ஆணியில் இருக்கும்.

சிறிய நாட்டியப் பள்ளிக்கு இது பெரிய உதவி. மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, தட்டுமனையும் தட்டுக்கழியும் வைத்துக்கொண்டு, பதினைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியைகள் எத்தனையோ பேர். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாடம், டியூசன். நாட்டியத்துக்கு நேரம் இல்லை. கோடையில்தான் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் சிலர் ஜூனுக்குப் பிறகும் தங்குவார்கள். அந்தச் சிலரை வைத்துத்தான் வருடம் ஓட வேண்டும்.

ஏ4 தாள் ஒரு ரீம் வாங்கினால் 500 தாள். ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டினால் 1000 நோட்டீசு. ஒற்றை நிறத்தில் அச்சடித்தால் செலவு குறைவு. அந்த ஆயிரத்தில் பத்துப் பிள்ளைகள் வந்தாலும் ஆசிரியைக்கு இலாபம்தான். ஆகவே நோட்டீசு வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

அந்தக் காலத்தில் நோட்டீசு தேவைப்படவில்லை

நாட்டியம் ஒரு காலத்தில் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைக்கும் கல்வியாக இருக்கவில்லை. இசை வேளாளர் குடும்பங்களில், நட்டுவனார் சொல்லிக் கொடுக்க, தாய் வழியாக மகள் கற்றாள். மாணவியைத் தேடி யாரும் காகிதம் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

1930-களில் காலம் மாறியது. 1931-ல் சென்னை மியூசிக் அகாடமி, கல்யாணி என்பவரின் பெண்களை மேடை ஏற்றி ஆட வைத்தது. 1936-ல் ருக்மிணி தேவி கலாட்சேத்திராவைத் தொடங்கினார். சதிர் என்ற பெயர் மறைந்து, பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. பிறகு சினிமா வந்து மீதி வேலையைச் செய்தது. 1947-ல் வெளிவந்த "நாம் இருவர்" படத்தில் குமாரி கமலா ஆடியதைப் பார்த்த தாய்மார்களுக்கு, தங்கள் மகளும் அப்படி ஆட வேண்டும் என்று ஆசை வந்தது. 1968-ல் "தில்லானா மோகனாம்பாள்" வந்தபோது அந்த ஆசை பட்டி தொட்டி எல்லாம் பரவியது.

யார் வேண்டுமானாலும் கற்கலாம் என்ற நிலை வந்தது. நல்லதுதான். ஆனால் அதோடு ஒரு சங்கடமும் வந்தது. யார் வேண்டுமானாலும் "கற்றுத் தருகிறேன்" என்று போர்டு மாட்டலாம் என்ற நிலையும் சேர்ந்தே வந்தது. பெற்றோருக்கு நல்ல ஆசிரியையையும் மற்றவரையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவர்கள் கையில் இருப்பது அந்த ஒரு காகிதம்தான்.

ஒரு மாதத்தில் என்ன வரும்?

சில நோட்டீசுகளில் இப்படி இருக்கும்: "30 நாட்களில் பரதநாட்டியம்! மேடையில் அரங்கேற்றம்! சான்றிதழ் உண்டு!"

முப்பது நாளில் அரங்கேற்றமா?

நாட்டிய மேதை பாலசரசுவதியின் அரங்கேற்றம் 1925-ல் காஞ்சிபுரத்தில் நடந்தது. அப்போது அவருக்கு வயது 7. "பார்த்தீர்களா, ஏழு வயதில்!" என்று சொல்லத் தோன்றும். ஆனால் அவர் பிறந்தது இசையும் நாட்டியமும் தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பத்தில். குரு கந்தப்ப பிள்ளையோ கண்டிப்புக்குப் பேர்போனவர். அப்படிப்பட்ட குழந்தைக்கே ஆண்டுக்கணக்கில் அன்றாடப் பயிற்சி வேண்டியிருந்தது.

மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் பரதநாட்டியம் எத்தனை நாள் படிப்பு தெரியுமா? மூன்று ஆண்டு! அரசாங்கமே மூன்று ஆண்டு வேண்டும் என்கிறது. மாடி அறையில் முப்பது நாளில் முடித்துவிட முடியுமா?

அலாரிப்பு, ஜதிசுவரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று போகும் கச்சேரி முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்கு செய்தவர்கள் தஞ்சை நால்வர். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற அந்தச் சகோதரர்கள் வகுத்த வரிசையை முழுதாக ஆடிக் காட்டுவதுதான் அரங்கேற்றம். வர்ணம் ஒன்றுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டியிருக்கும். மூச்சு வாங்கும். கால் கெஞ்சும். அதற்கு உடம்பு பழக வேண்டும்.

அப்படியானால் கோடை வகுப்பில் ஒன்றுமே வராதா? வரும்!

தட்டிக்கும்பிடு சொல்லித் தரலாம். அரைமண்டியில் உட்கார்ந்து நிற்கப் பழக்கலாம். முழங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிய வேண்டும். முதுகு நிமிர்ந்து இருக்க வேண்டும். இது வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. தட்டடவில் முதல் சில அடவுகளைத் தாளம் தப்பாமல் மூன்று காலத்திலும் செய்யலாம். ஒற்றைக் கை முத்திரைகள் 28 என்று அபிநய தர்ப்பணம் சொல்கிறது. அவற்றைப் பெயரோடு பிடிக்கக் கற்கலாம். ஒரு குழந்தை பதாகம், திரிபதாகம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே விரலை மடக்குவதைப் பார்க்கும் பாட்டிக்கு, அது அரங்கேற்றத்துக்குக் குறைந்தது அல்ல!

"இல்லை, மேடை ஏறித்தான் ஆக வேண்டும்" என்றால் அதற்கும் வழி இருக்கிறது. கும்மி இருக்கிறது. கோலாட்டம் இருக்கிறது. இருபது பிள்ளைகள் ஒரு மாதத்தில் அழகாகக் கோலாட்டம் ஆடிவிடலாம். யாருக்கும் பொய் சொல்ல வேண்டியது இல்லை. இதை ஏனோ கோடை வகுப்பு நடத்துகிறவர்கள் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். கோலாட்டத்தில் கை பழகிய பிள்ளைக்குத் தாளம் தானாக வரும் என்பதை அவர்களே அறிவார்கள்.

ஆகவே நோட்டீசில், "ஒரு மாதத்தில் தட்டடவும் முத்திரைகளும் கற்றுத் தரப்படும். கடைசி நாளில் கோலாட்டம். விருப்பமுள்ளவர்கள் ஜூனில் தொடரலாம்" என்று எழுதினால் என்ன? கூட்டம் குறையுமா? முதல் ஆண்டு குறையலாம். ஆனால் வந்த பிள்ளை தங்கும். அந்தப் பிள்ளையின் தாய் நாலு பேரிடம் சொல்வாள்.

மறைத்து வைக்கும் கட்டணம்

இதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

நோட்டீசில் "குறைந்த கட்டணம்" என்று இருக்கும். எவ்வளவு என்று இருக்காது. நேரில் போனால் ஒரு தொகை சொல்வார்கள். 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தாய் சீட்டுப் பணத்தில் இருந்து எடுத்துக் கட்டுவாள்.

மூன்று வாரம் போகும். பிள்ளை ஆசையாகப் போய் வரும். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஆடிப் பார்க்கும்.

நாலாவது வாரம் ஒரு சீட்டு வரும். உடை வாடகை இவ்வளவு. ஒப்பனைக்கு இவ்வளவு. மண்டப வாடகையில் பங்கு இவ்வளவு. சான்றிதழுக்கு இவ்வளவு. போட்டோ, வீடியோவுக்கு இவ்வளவு. கூட்டிப் பார்த்தால் முதலில் கட்டியதைவிட இது அதிகம்!

கட்ட முடிந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவார்கள். முடியாதவர்கள்?

பிள்ளையை நிறுத்திவிடுவார்கள். "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிடுவார்கள். விழா அன்று மற்றப் பிள்ளைகள் பட்டும் சலங்கையுமாக ஆட்டோவில் போகும். இந்தப் பிள்ளை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். ஒரு மாதமாகக் கற்ற ஆட்டம் அதன் காலில் இருக்கிறது. ஆட இடம் இல்லை.

எட்டு வயதுக் குழந்தைக்கு இதை எப்படி விளக்குவது? அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. "அடுத்த வருசம் பார்க்கலாம்" என்கிறாள்.

நோட்டீசில் ஒரு வரி சேர்த்திருந்தால் இது நடந்திருக்காது. "மாதக் கட்டணம் இவ்வளவு, விழாவுக்கு இவ்வளவு, வேறு செலவு இல்லை." அவ்வளவுதான். முடியாதவர்கள் முதலிலேயே ஒதுங்கியிருப்பார்கள். அல்லது ஆசிரியையிடம் வந்து, "விழா உடை வேண்டாம், பாவாடை சட்டையோடு ஆடட்டுமே" என்று கேட்டிருப்பார்கள். நல்ல ஆசிரியையாக இருந்தால் சரி என்றிருப்பார்.

தாளில் இடம் இல்லை என்று சொல்ல முடியாது. நடிகையின் படத்துக்கு அரைப் பக்கம் இடம் இருக்கிறதே!

அந்தப் படமும் ஒரு கேள்வி. அந்த நடிகைக்கும் அந்தப் பள்ளிக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. அதற்குப் பதில் பள்ளிப் பிள்ளைகளின் படத்தைப் போடலாமே என்றால், போடலாம். ஆனால் பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போட வேண்டும். சொந்த மகளின் படத்தை மின்கம்பத்தில் பார்த்துத் திடுக்கிடும் நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது. ஒரு ஜோடிச் சலங்கையின் கோட்டுப் படம் போதும். ஒற்றை நிறத்திலும் அது எடுப்பாகத் தெரியும்.

தாய்மார்கள் தேடும் வரிகள்

மே மாத வெயில் சாதாரணமானது அல்ல. அக்கினி நட்சத்திரம் வேறு. பகல் 11 மணிக்கு மொட்டை மாடியில் பிள்ளைகளை ஆட வைத்தால் கால் கொப்பளித்துவிடும். காலை 7 மணியா, மாலை 5 மணியா என்று நோட்டீசு சொல்ல வேண்டும். கூரை இருக்கிறதா, குடிதண்ணீர் இருக்கிறதா, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறதா என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

சொல்லித் தருவது யார்? பள்ளியின் பெயர் மட்டும் பெரிதாக இருந்தால் போதாது. ஆசிரியையின் பெயர், எங்கே கற்றார், எத்தனை ஆண்டாகச் சொல்லித் தருகிறார் என்று இருக்க வேண்டும்.

இன்னும் ஒரு வரி உண்டு. அதைப் பலர் போடுவதில்லை. "பெற்றோர் உட்கார்ந்து பார்க்கலாம்." இந்த மூன்று சொல்லைப் பார்த்ததும் ஒரு தாயின் மனசில் உள்ள பாதிப் பயம் போய்விடும். மகளைத் தெரியாத இடத்துக்கு அனுப்புகிறவளுக்கு, கட்டணத்தைவிட இது முக்கியம். இதைப் போட மறுக்கிற பள்ளியிடம் ஏன் என்று கேட்பதில் தப்பு இல்லை.

இத்தனையும் தமிழில் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில், சின்னச் சின்ன வாக்கியத்தில் இருக்க வேண்டும். புதிதாகப் படிக்கக் கற்றவரும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட வேண்டும். ஆங்கிலமும் வேண்டும் என்றால் பின்பக்கம் சும்மாத்தானே இருக்கிறது!

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துப் பார்ப்பது நல்லது. அந்தக் காலத்தில் அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தார். இப்போது கணிப்பொறியில் நொடியில் முடிகிறது. தப்பும் நொடியில் வருகிறது. கைப்பேசி எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் 1000 நோட்டீசும் வேறு யாரையோ தூக்கத்தில் இருந்து எழுப்பும்.

எங்கே கொடுப்பது? பத்திரிகை ஏஜெண்டிடம் கொடுத்தால் நூற்றுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு உள்ளே வைத்து அனுப்புவார். அதைவிடக் கடைசித் தேர்வு நாளில் தொடக்கப் பள்ளி வாசலில் நிற்பது மேல். பிள்ளையைக் கூட்டிப் போக வரும் தாய் கையில் நேராகக் கொடுக்கலாம். தையல் கடை, பால் கடை, கிளை நூலகம் என்று கேட்டுவிட்டு வைக்கலாம். கோவில் திருவிழாக் கூட்டத்தில் வீசினால் காலடியில் மிதிபடும். பிள்ளைகள் நடந்து வரக்கூடிய தூரத்துக்கு மேல் கொடுப்பதும் வீண்தான்.

பாரிசு நகரத்துச் சுவரொட்டி

சுவரொட்டி வேறு சாதி. நோட்டீசைக் கையில் வைத்துப் படிப்பார்கள். சுவரொட்டியைப் பஸ்ஸில் போகும்போது பார்ப்பார்கள். ஒரு நொடிதான் கிடைக்கும்.

நாட்டியத்துக்கும் சுவரொட்டிக்கும் உள்ள உறவு பழையது. பிரான்சு நாட்டில், பாரிசு நகரத்தில், முலான் ரூழ் என்ற ஆட்டக் கூடம் 1889-ல் திறக்கப்பட்டது. 1891-ல் அதற்கு ஒரு சுவரொட்டி வரைந்தவர் துலூஸ் லோத்ரெக் என்ற இளம் ஓவியர். சிறு வயதில் தொடை எலும்புகள் முறிந்து, கால்கள் வளராமல் நின்றுபோனவர் அவர். ஆட முடியாதவர் வரைந்த அந்த ஆட்டப் படம் ஒரே இரவில் அவரைப் புகழ் பெற வைத்தது. இன்றும் அருங்காட்சியகங்களில் வைத்திருக்கிறார்கள்.

அதில் எத்தனை எழுத்து இருக்கிறது? கூடத்தின் பெயர். ஆடுகிறவள் பெயர். ஒவ்வொரு மாலையும் ஆட்டம் உண்டு என்ற செய்தி. எங்கே, யார், எப்போது. முடிந்தது!

நம் ஊர் கோடை வகுப்புச் சுவரொட்டியில் இருபது வரி இருக்கிறது. ஏழு நிறம் இருக்கிறது. பக்கத்தில் போய் நின்று மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தால் ஒழிய ஒன்றும் புரியாது. "நாட்டிய வகுப்பு, மே 1 முதல், பிள்ளையார் கோவில் தெரு, கைப்பேசி எண்" என்று நாலு வரி போதும். மற்றதை நோட்டீசு சொல்லிக்கொள்ளும்.

எந்தச் சுவரில் ஒட்டுவது என்பதும் சாதாரண விசயம் அல்ல. பொதுமக்கள் கண்ணில் படும் இடங்களை அலங்கோலம் செய்வதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. சுவர்க்காரரின் அனுமதி இல்லாமல் ஒட்டுவது குற்றம். ஆனால் நடப்பது என்ன? இரவு பன்னிரண்டு மணிக்கு வாளியும் பிரசும் வருகிறது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து பூசிவிட்டுப் போகிறார்கள். காலையில் எழுந்தால், நேற்று வெள்ளை அடித்த சுவர் இன்று நாட்டியம் ஆடுகிறது! அந்த வீட்டுக்காரர் தம் பேத்தியை அந்தப் பள்ளிக்கு அனுப்புவாரா?

சில பள்ளிகள் காகிதத்தை விட்டுவிட்டு, சாலை ஓரத்தில் பெரிய பேனர் கட்டுகின்றன. இது வேண்டவே வேண்டாம். 2019 செப்டம்பரில், சென்னையில் சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஒன்று, இருசக்கர வண்டியில் வந்த இளம்பெண் மேல் விழுந்தது. அவர் தடுமாறிக் கீழே விழுந்தார். பின்னால் வந்த தண்ணீர் லாரி அவர் மேல் ஏறியது. உயிர் போய்விட்டது. அது கலியாணத்துக்குக் கட்டிய பேனர். பிள்ளைகளுக்குக் கலை சொல்லித் தரும் இடத்தின் பேரில் அப்படி ஒன்று சாலையில் தொங்கக் கூடாது.

கேட்டு ஒட்டினால் இடம் கிடைக்கிறது. மளிகைக் கடைக்காரர் தம் கதவில் ஒன்று ஒட்டச் சொல்வார். மாவு மில்லில் ஒன்று ஒட்டலாம். ஐம்பது சுவரொட்டி தேவை இல்லை. எட்டு, பத்து போதும்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த பிறகு அந்த எட்டையும் பத்தையும் ஒட்டியவரே போய்க் கிழித்து எடுத்துவிடலாம். தண்ணீர் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மழுங்கிய கத்தியால் சுரண்டினால் சுண்ணாம்பு பெயராமல் வந்துவிடும். கடைக்காரருக்கும் சந்தோசம். அடுத்த ஏப்ரலில் அதே கதவைக் கேட்டுப் போகலாம்.